வன்னிக் கிணறும் குடிதண்ணீரும்: கேத்தலில் படியாதவற்றைப் பற்றி

வன்னியில் தண்ணீரைப் பற்றிய முதல் பயம் கேத்தலின் அடியில்தான் தொடங்குகிறது. வெள்ளையாகப் படை பிடித்த கேத்தலைத் தூக்கிக் காட்டி, "இதைத்தானே ஒவ்வொரு நாளும் குடிக்கிறம், கிட்னி என்னத்துக்காகும்?" என்று கேட்காத வீடு செட்டிகுளம், நெடுங்கேணிப் பக்கம் குறைவு. அந்தப் படை கல்சியம் காபனேற்று. கொதிக்கும்போது தண்ணீரிலிருந்து பிரிந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொண்ட பகுதி அது. ஒட்டிக்கொண்டது வயிற்றுக்குள் போகவில்லை. கவலைப்பட வேண்டியது கேத்தலில் படியாத சாமான்களுக்கு: கல்லிலிருந்து கரையும் புளோரைட்டு, உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று, கிருமி. மூன்றுக்கும் நிறமில்லை, மணமில்லை, நாக்குக்குப் பிடிபடும் ருசியுமில்லை. பளிங்கு மாதிரித் தெளிந்த, இனிப்பான கிணற்றுத் தண்ணீரில் மூன்றும் சேர்ந்தே இருக்கலாம்.

இதில் ஒரு பிரிவை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தண்ணீரில் உயிரோடிருப்பவை ஒரு கூட்டம், கரைந்திருப்பவை இன்னொரு கூட்டம். கொதிக்க வைப்பது, குளோரின் போடுவது, வெயிலில் வைப்பது, மண்சட்டி வடியில் வடிப்பது எல்லாம் முதற் கூட்டத்துக்கான வைத்தியம். புளோரைட்டும் நைத்திரேற்றும் உப்பும் இவற்றில் எதற்கும் அசையாது. கொதிக்க வைத்தால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டு உள்ள 10 லீற்றரைக் கொதிக்க வைத்து 9 லீற்றராகச் சுண்டினால் அது ஏறக்குறைய 1.7 ஆகிவிடும். கொதித்தாறிய நீர் வயிற்றோட்டத்திலிருந்தும் நெருப்புக் காய்ச்சலிலிருந்தும் செங்கமாரியிலிருந்தும் காப்பாற்றும். பிள்ளையின் பல்லில் விழும் பழுப்புக் கோட்டை அது தடுக்காது.

வன்னி நிலத்தின் பெரும்பகுதி மிகப் பழைய கருங்கற் பாறையின் மேல் இருக்கிறது. பூநகரி, மன்னார்க் கரையோரங்களில் சுண்ணக்கல்லும் மணலும் வருகின்றன. உள்ளே வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று போகப் போகப் பாறைதான். அங்கே நிலத்தடி நீர் இருப்பது இரண்டு இடங்களில்: பாறைக்கு மேலே உக்கிப்போன மண் படையில், அல்லது பாறையின் வெடிப்புகளுக்குள். சாதாரணக் கிணறு மேற்படையிலிருந்து எடுக்கிறது. குழாய்க் கிணறு வெடிப்புகளிலிருந்து எடுக்கிறது. வெடிப்புக்குள் தண்ணீர் கல்லோடு நீண்ட காலம் உரசிக் கிடப்பதால், கல்லிலுள்ள கனிமங்கள் கூடுதலாகக் கரைகின்றன. "ஆழத்திலிருந்து வருது, அதனால் சுத்தம்" என்ற நம்பிக்கை கிருமியைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. புளோரைட்டைப் பொறுத்தவரை அது தலைகீழ்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் மாதிரிப் பெரிய குளங்களின் கீழும் வாய்க்கால் ஓரமும் உள்ள கிணறுகளில் புளோரைட்டு பொதுவாகக் குறைவு. மழைநீர் குளமாகி, குளத்திலிருந்து கசிந்து கிணற்றுக்கு வருகிறது. கல்லோடு கிடந்து பழுக்க நேரமில்லை. குளத்தைக் கட்டி அதன் கீழே வயலும், வயலை ஒட்டிக் குடியிருப்புமாக வைத்த பழைய ஊரமைப்பு குடிதண்ணீருக்கும் பொருந்திய அமைப்பு. ஆனால் அதே கிணறு வயலுக்குப் போட்ட யூரியாவையும் அடித்த மருந்தையும் முதலில் வாங்கிக்கொள்ளும் கிணறு. ஆக ஊருக்கு ஒரு தீர்ப்பு என்று எழுத முடியாது. பக்கத்துப் பக்கத்து வளவுகளில் உள்ள இரண்டு கிணறுகளே வேறு வேறாக இருக்கும்.

எண்கள்

இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614. அதில் மனதில் வைத்திருக்க வேண்டிய சில எண்கள், எல்லாம் லீற்றருக்கு மில்லிகிராமில்: புளோரைட்டு 1.0, நைத்திரேற்று 50, மொத்த வன்மை (தண்ணீரின் கடினத்தன்மை) 250, கரைந்த திண்மம் 500, குளோரைட்டு 250, இரும்பு 0.3. பி.எச். 6.5 முதல் 8.5 வரை. மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி கிருமி 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் புளோரைட்டுக்கு 1.5 வரை விடுகிறது. வெக்கை கூடிய நாட்டில் ஆள் குடிக்கும் தண்ணீர் கூடுவதால், உடலுக்குள் போகும் புளோரைட்டும் கூடும், 1.0 என்ற இறுக்கமான எண்தான் எங்களுக்குப் பொருத்தம்.

பல்லில் வெள்ளைத் திட்டாகத் தொடங்கிப் பழுப்பாகும் கறை, நிரந்தரப் பல் முரசுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ 8 வயதுக்குள், குடித்த புளோரைட்டின் அடையாளம். பல் வெளியே வந்த பிறகு எவ்வளவு துலக்கினாலும் போகாது. ஒரே வளவில் வளர்ந்த இரண்டு மூன்று பிள்ளைகளின் முன்பற்களில் அந்தக் கோடு இருந்தால், கிணற்றைச் சோதிக்க வேறு காரணம் வேண்டாம். நைத்திரேற்று முதலில் தாக்குவது 6 மாதத்துக்குட்பட்ட, பால்மா கரைத்துக் குடிக்கும் குழந்தைகளை. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவைக் குறைத்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கச் செய்யும். வெங்காயம், மிளகாய்த் தோட்டத்துக்கு நடுவேயுள்ள கிணற்று நீரில், சோதனை செய்யாமல், குழந்தைக்குப் பால் கரைக்க வேண்டாம்.

சிறுநீரக நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, வழமையான காரணம் எதுவும் பிடிபடாத அந்த நாட்பட்ட நோய், எல்லையை ஒட்டிய வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களிலும் இருக்கிறது. ஒரே காரணம் என்று விஞ்ஞானம் எதையும் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. புளோரைட்டும் வன்மையும் சேர்ந்த தண்ணீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது ஆகிய எல்லாமே ஆராயப்படுகின்றன. காரணம் முடிவாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. புளோரைட்டும் வன்மையும் குறைந்த தண்ணீரைப் போதிய அளவு குடிப்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் கெடுதியில்லை.

சோதனை

மாதிரி எடுக்கும் விதம் பிழைத்தால் முடிவும் பிழைக்கும். இரசாயனச் சோதனைக்கு 1 அல்லது 2 லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் போதும். புளோரைட்டு கண்ணாடியோடு தாக்கம் புரியக்கூடியது, அதனால் கண்ணாடிப் போத்தல் வேண்டாம். சோதிக்கப் போகும் தண்ணீராலேயே போத்தலை மூன்று தரம் அலசி, விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். குழாய்க் கிணறாயின் 5 முதல் 10 நிமிடம் அடித்து விட்டபின் பிடியுங்கள். குழாய்க்குள் தேங்கி நின்ற தண்ணீர் கிணற்றின் கதையைச் சொல்லாது. கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தல்தான் வேண்டும். அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள் கட்டணத்துக்குச் செய்கின்றன. வழி தெரியாவிட்டால் உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். கரைந்தவை உச்சத்துக்குப் போவது கிணறு அடிதட்டும் ஆவணி, புரட்டாதியில். கிருமி உச்சத்துக்குப் போவது முதல் மழை மலசலகூடக் குழியையும் மாட்டுப் பட்டியையும் கழுவிக்கொண்டு இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில். தை மாதம் கிணறு நிறைந்து கிடக்கும்போது எடுத்த ஒரே ஒரு புளோரைட்டு முடிவை வைத்துக்கொண்டு ஆறுதலடைந்துவிடக் கூடாது. காசுக்கு ஒரு சோதனைதான் முடியுமென்றால் புரட்டாதியில் புளோரைட்டு, வன்மை, நைத்திரேற்று, கரைந்த திண்மம் நான்கையும் பாருங்கள். கிருமி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். திறந்த கிணற்றில் அது பெரும்பாலும் உண்மையும்கூட.

கரைந்த திண்மத்தைக் காட்டும், பேனை மாதிரியுள்ள ரி.டி.எஸ். மீற்றரைப் பற்றி ஒரு வார்த்தை. அது அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை மட்டுமே. கிருமியை அது காணாது. புளோரைட்டையும் தனியாகக் காணாது: 300 காட்டும் தண்ணீரில் 2 மில்லிகிராம் இருக்கலாம், 700 காட்டுவதில் 0.5 இருக்கலாம். நுண்சவ்வால் தண்ணீரை வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அது நல்ல கருவி, அவ்வளவுதான்.

வீடு வீடாக வடிகட்டி விற்க வருபவர்கள் சிலர் செய்யும் ஒரு காட்சியையும் தெரிந்து வைத்திருங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு கிளாசில், அவர்களுடைய தண்ணீர் இன்னொரு கிளாசில். இரண்டிலும் உலோகக் கம்பிகளை விட்டுக் கறண்டைப் போடுவார்கள். உங்களுடையது ஒரு நிமிடத்தில் சேறு மாதிரிக் கறுத்துப் பழுப்பாகும். பார்த்த அம்மாமார் நடுங்கிப்போவார்கள். அந்தச் சேறு உங்கள் தண்ணீரிலிருந்து வந்ததன்று. இரும்புக் கம்பி கரைந்து துருவாகி வந்தது. கனிமமுள்ள தண்ணீரில் மின்சாரம் கடப்பதால் கம்பி கரைகிறது, கனிமமில்லாத தண்ணீரில் கடக்காததால் கரையவில்லை. அவர்களுடைய கிளாசுக்குள் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

நாளுக்கு 25 லீற்றர்

நல்ல தண்ணீர் தேவைப்படுவது எதற்கென்று பிரித்தால் சுமை குறையும். குளிக்க, தோய்க்க, மாட்டுக்கு, மரத்துக்கு உங்கள் கிணறே போதும். குடிக்க, தேத்தண்ணிக்கு, சோறு கறிக்கு மட்டும் தெரிவு செய்த தண்ணீர் வேண்டும். ஐந்து பேருள்ள வீட்டுக்கு ஆளுக்கு 5 லீற்றர் வைத்தால் 25 லீற்றர். சமையலை விட்டுவிட வேண்டாம். அரிசியும் பருப்பும் வெந்து உறிஞ்சும் தண்ணீரோடு புளோரைட்டும் உள்ளே போகிறது. தேயிலையில் இயல்பாகவே புளோரைட்டு உண்டு. புளோரைட்டுக் கிணற்று நீரில் ஊற்றிய கடும் சாயத் தேநீர் இரட்டைக் கணக்கு. குடிக்க மட்டும் கான் தண்ணீர், தேத்தண்ணிக்குக் கிணற்றுத் தண்ணீர் என்ற வழக்கம் அந்தக் கானுக்குக் கொடுத்த காசைப் பாதியாக வீணாக்குகிறது.

இந்த 25 லீற்றருக்கு வன்னியில் மிக நல்ல வழி மழைதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். மழைநீரில் புளோரைட்டு இல்லை, வன்மை இல்லை. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். தெறித்தும் வழிந்தும் போவதற்கு ஐந்திலொன்றைக் கழியுங்கள். 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டின் கூரை ஏறத்தாழ 50 சதுர மீற்றர். அதன் ஒரு பக்கம் 25. ஒரு பக்கத்துக்கு மட்டும் பீலி போட்டால்கூட 250 மில்லிமீற்றர் மழையில் 5,000 லீற்றர்த் தாங்கி நிறைந்துவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் பருவ மழைக்கு அது பெரிய கணக்கல்ல. நிறைந்த தாங்கி நாளுக்கு 25 லீற்றர் வீதம் 200 நாள் வரும். தை முடிவில் எடுக்கத் தொடங்கினால் ஆவணி வரை. இடையில் சித்திரை மழை கொஞ்சம் கைகொடுக்கும்.

பிழைப்பது எங்கே என்றால் முதல் தண்ணீரில். ஆறு மாத வெயிலில் கூரையில் சேர்ந்த காகத்தின் எச்சம், அணில் புழுக்கை, வேப்பஞ் சருகு எல்லாம் முதல் மழையோடு தாங்கிக்குள் போனால் அந்த ஆண்டுத் தண்ணீர் முழுவதும் மணக்கும். பருவத்தின் முதல் இரண்டு நல்ல மழையை முழுதாக வெளியே விடுங்கள். பிறகு ஒவ்வொரு மழையிலும் முதல் 1 மில்லிமீற்றர் தானாகக் கழிய வேண்டும். அதற்கு மோட்டார் எதுவும் தேவையில்லை. பீலியிலிருந்து தாங்கிக்குப் போகும் குழாயில், தாங்கிக்கு முன்னே ஒரு ரீ (மூன்று வாயுள்ள இணைப்பு) போட்டு, 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயை 3 மீற்றர் நீளத்துக்கு நிலத்தை நோக்கி இறக்குங்கள். மீற்றருக்கு ஏறத்தாழ 8 முதல் 9 லீற்றர் பிடிப்பதால் 25 லீற்றர் அழுக்குத் தண்ணீர் அதற்குள் நின்றுகொள்ளும். 25 சதுர மீற்றர் கூரைக்குச் சரியான அளவு. கூரை தாழ்வாக இருந்து 3 மீற்றர் இறக்க முடியாவிட்டால் இரண்டு துண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் இறக்கலாம். அடி மூடியில் ஒரு சிறு துளை போட்டால் அடுத்த மழைக்குள் அது தானாக வடிந்து வெறுமையாகிவிடும். துளை சருகால் அடைபடும், மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவுங்கள். அடைபட்டதைக் கவனிக்காவிட்டால் குழாய் எப்போதும் நிறைந்தே நிற்கும், அழுக்கு நேரே தாங்கிக்குப் போகும். மழைநீர்த் தாங்கியைக் கட்டிவிட்டுப் பிறகு அதைக் குளிக்க மட்டும் பயன்படுத்தும் வீடுகளில் இதுதான் பெரும்பாலும் நடந்திருக்கும்.

புதிய சீமெந்துத் தாங்கியின் முதல் தண்ணீர் சுண்ணாம்பு ஊறிச் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். ஒரு வாரம் நிறைத்து வைத்து ஊற்றிவிடுங்கள். திறப்புக்குழாய் அடியிலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் மேலே இருக்கட்டும், அடிவண்டல் வராது. வெளிச்சம் புகுந்தால் பாசி, இடைவெளி இருந்தால் நுளம்பு. வழிகுழாயிலும் நுண்வலை கட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு ஒரு டெங்குத் தொட்டி கட்டியதாகிவிடும். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையைப் பிரசால் தேய்த்துக் கழுவாதீர்கள். அந்தத் தூசு மூச்சில் போவதே ஆபத்து. தார் பூசிய கூரையிலும் பழைய பெயின்ற் உரியும் தகரத்திலும் குடிக்கத் தண்ணீர் பிடிக்க வேண்டாம். மழைநீரில் கனிமம் இல்லையே என்ற கவலைக்குப் பதில் சட்டியில் இருக்கிறது: கீரை, சின்ன மீன், எள்ளு, மோர். குடிக்க முன் கொதிக்க வைப்பது மட்டும் விடக் கூடாது.

ஆர்.ஓ. தண்ணீர்

தாங்கி கட்ட வசதியில்லாத, புளோரைட்டு உறுதியான ஊருக்கு ஆர்.ஓ. தேவைதான். பல கிராமங்களில் பொது நிலையங்கள் இருக்கின்றன. சவ்வு நல்ல நிலையில் இருந்தால் புளோரைட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போகும். அங்கே கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: கடைசியாக எப்போது புளோரைட்டுச் சோதித்தார்கள், உள்ளே போகும் ரி.டி.எஸ். எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு. 600 போய் 40 வந்தால் நல்லது. வெளியே வருவது 120, 150 என்று ஏறிக்கொண்டே போனால் சவ்வு முடிந்துவிட்டது.

வீட்டு இயந்திரத்தில் பெரும்பாலும் ஒரு 5 மைக்ரோன் வண்டல் வடி, ஒன்றிரண்டு கரி வடி, பிறகு சவ்வு, கடைசியில் மறுபடி ஒரு கரி. வண்டல் வடியும் கரியும் 6 மாதத்துக்கு ஒருமுறை, சவ்வு 2 முதல் 3 வருடம். வன்னியின் கடின நீரில் அந்தக் காலம் சுருங்கும், ஏனென்றால் கேத்தலில் படிந்த அதே கல்சியம் சவ்விலும் படிகிறது. 1 லீற்றர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய 3 லீற்றர் கழிவாகப் போகும். 25 லீற்றர் எடுக்க 75 லீற்றர். ஆவணியில் கிணறு அடிதட்டிக் கிடக்கும்போது இது சின்ன விடயமல்ல. அந்தக் கழிவில் உப்பும் புளோரைட்டும் செறிந்திருக்கும். மலசலகூடத்துக்கு ஊற்றலாம், முற்றம் கழுவலாம். மாட்டுத் தொட்டிக்கும் கீரைப் பாத்திக்கும் போகக் கூடாது, கிணற்றடியில் ஊற்றித் திரும்பக் கிணற்றுக்கே அனுப்பவும் கூடாது. உப்புப் போட்டு இயக்கும் மென்னீராக்கியை ஆர்.ஓ. என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. அது கல்சியத்தை எடுத்துச் சோடியத்தை விடுகிறது, புளோரைட்டைத் தொடுவதில்லை. பிரசர் உள்ளவர்களுக்கு அந்தத் தண்ணீர் குடிக்க ஏற்றதுமல்ல.

ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் இல்லை என்பதால் காவல் இல்லாத தண்ணீர் அது. நிலையத்தில் சுத்தமாக நிரம்பியது, பச்சை பிடித்த கானுக்குள் ஒரே இரவில் கெடும். கானை வாரம் ஒருமுறை கழுவுங்கள்: ஒரு கைப்பிடி அரிசியும் கொஞ்சத் தண்ணீரும் விட்டு மூடிக் குலுக்கினால் பிரஸ் எட்டாத மூலையும் உராய்ந்து துப்புரவாகும். பிறகு கடையில் விற்கும் 5 வீத வெளிற்றித் திரவத்தில் 5 மில்லிலீற்றரை 5 லீற்றர் தண்ணீரில் கலந்து, உட்பக்கம் முழுவதும் படும்படி 30 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு தரம் அலச வேண்டும். வாசனை சேர்த்த வெளிற்றி வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் சேமிக்காதீர்கள். கடையில் வாங்கும் 19 லீற்றர்க் கானாயின் எஸ்.எல்.எஸ். 894 அடையாளம், சுகாதார அமைச்சின் பதிவிலக்கம், முத்திரை உடையாத மூடி மூன்றையும் பார்த்து, வெயிலில் அடுக்கி வைத்த கடையைத் தவிர்த்துவிடுங்கள்.

கிணற்றைக் காப்பது

சோதனையில் கரைந்தவை சரியென்று வந்த கிணறு ஒரு சொத்து. மிஞ்சுவது கிருமி மட்டும், அதைச் சமாளிக்கலாம். கிணற்றுக் கட்டு நிலத்திலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரமாக, சுற்றிச் சீமெந்துத் தளம் வெடிப்பில்லாமல், தளத்துத் தண்ணீர் வாய்க்காலாகத் தூரப் போகும்படி. மலசலகூடக் குழி மிகக் குறைந்தது 50 அடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில். பூநகரி மாதிரிச் சுண்ணக்கல் நிலத்தில் வெடிப்பு வழியே அழுக்கு வேகமாக ஓடுவதால் 100 அடி என்றாலும் மனம் நிறையாது.

குளோரின் போடக் கிணற்றின் கொள்ளளவு தெரிய வேண்டும். அடியில் அளந்தால் கணக்குச் சுலபம்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீர் நிற்கும் ஆழத்தால் பெருக்கி, 5ஆல் பெருக்கினால் கலன் வரும். 10 அடி விட்டம், 6 அடி தண்ணீர் என்றால் 3,000 கலன், அதாவது ஏறத்தாழ 13,600 லீற்றர். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் ரி.சி.எல். பவுடர் (குளோரின் உள்ள வெளிற்றும் தூள்) வீதம் 34 கிராம். பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், கைக்கணக்கு வேண்டாம். பவுடரை நேரே கிணற்றில் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் போய்க் கிடக்கும், குளோரின் கலக்காது. வாளியில் கொஞ்சத் தண்ணீரில் களிபோலக் கரைத்து, பிறகு வாளி நிறைய ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் அடைய விட்டு, தெளிந்த மேல் நீரை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் பலமுறை அசையுங்கள். மாலையில் போட்டால் காலையில் எடுக்கலாம். மெல்லிய குளோரின் மணம் இருக்க வேண்டும். மணமே இல்லையென்றால் கிணற்றிலுள்ள அழுக்கு எல்லாக் குளோரினையும் தின்றுவிட்டது, அல்லது பவுடர் செத்துவிட்டது. திறந்த பைக்கற்றில் ஈரம் பட்ட பவுடர் சில மாதத்தில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். இறுக்கமான பிளாஸ்ரிக் போத்தலில் இருட்டில் வையுங்கள்.

2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்தது மாதிரி வெள்ளம் கிணற்றை மூடினால் கணக்கே வேறு. சுற்று வெள்ளம் வடியும் முன் மோட்டாரைப் போட்டு இறைக்க வேண்டாம். வெளியே நிற்கும் அழுக்கு நீரே மறுபடி ஊறி வரும், வெளியழுத்தத்தில் கிணற்றுக் கட்டும் இடியலாம். வெள்ளம் வடிந்தபின் இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்து, தண்ணீர் ஊறியதும் 1,000 லீற்றருக்கு 150 கிராம் வீதம் போட்டு ஒரு நாள் விட்டு, மணம் மெல்லியதாகும் வரை இறைத்து ஊற்றுங்கள். மேலே சொன்ன கிணற்றுக்கு அது 2 கிலோ. அந்த ஒரு நாளுக்குள் யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது.

கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. தேத்தாங்கொட்டையை மண்குடத்தின் உட்பக்கத்தில் உரைத்துத் தண்ணீரை நிரப்பி ஓரிரவு விட்டால் கலங்கல் அடியில் இறங்கும். படிகாரமாயின் 20 லீற்றருக்கு 1 கிராம். இரண்டும் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த பிறகு கொதிக்க வைக்க வேண்டும்: கொதி முழுதாக எழும்பி ஒரு நிமிடம் நின்றால் போதும், அதே பாத்திரத்தில் மூடியபடி ஆற வேண்டும். குழாய்க் கிணற்று நீர் வெளியே வந்ததும் பழுப்பாகி வெள்ளைத் துணியில் கறை பிடித்தால் அது இரும்பு. உயரத்திலிருந்து வாளிக்கு வாளி நாலைந்து தரம் ஊற்றிக் காற்றுப் படவிட்டு, இரவு அடைய வைத்து, துணியில் வடித்தால் பெரும்பகுதி போகும். குளத்து நீரில் பச்சை ஏடு மிதந்தால் கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள், சில பாசிகளின் நஞ்சு கொதிக்கு அழிவதில்லை.

அளம்பில், நாயாறு மாதிரி மணற் கரையோரத்தில் பிரச்சினை வேறு முகம். அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் 1 அடி இறங்கினால் கீழேயுள்ள உவர் 40 அடி வரை மேலெழும்பப் பார்க்கும். அதனால்தான் மணலில் பூவல் என்ற சிறு குழி தோண்டிப் பேணியால் அள்ளிய தண்ணீர் இனித்தது, அதே இடத்தில் மோட்டார் பூட்டியதும் சவர்த்தது. ஆழமாகத் தோண்டுவது அங்கே தீர்வல்ல; ஆழமில்லாத அகன்ற கிணறு, சின்ன மோட்டார், பத்து நிமிடம் ஓடினால் ஒரு மணி நேரம் ஓய்வு.

எடுத்த தண்ணீரை வாய் ஒடுங்கிய பாத்திரத்தில் அல்லது திறப்புக்குழாய் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். கூசாவும் மண்குடமும் நல்லவை. சவர்க்காரம் போடாமல் தென்னந்தும்பால் தேய்த்து வெயிலில் காய வையுங்கள். கையை விட்டு மொள்ளும் குடத்தில் கொதித்தாறிய நீர் ஒரு நாள்கூடச் சுத்தமாக இருக்காது.

வயலுக்குப் போகிறவர் ஆளுக்கு 4 முதல் 5 லீற்றர் கொண்டுபோக வேண்டும், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு கப் அளவு குடிக்க வேண்டும். தேநீரையும் சோடாவையும் இதில் கணக்கு வைக்காதீர்கள். மருந்துக் கானைக் கழுவித் தண்ணீருக்கு எடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிளாஸ்ரிக் உறிஞ்சிய மருந்து எத்தனை தரம் கழுவினாலும் கசியும், அந்தக் கானைத் துளைத்து அப்புறப்படுத்துங்கள். மருந்து கலப்பது குடிக்கும் கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளி நடக்கட்டும். அதற்கென்று ஒரு வாளியைச் சிவப்புப் பெயின்ற் அடித்து ஒதுக்குங்கள், அந்த வாளி ஒருபோதும் கிணற்றுக் கயிற்றில் ஏறக் கூடாது.